லோடு லாரியை நிறுத்தத் தெரிந்தவரே ஓட்டுநர்: நெடுஞ்சாலைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லாரி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் கியர் மாற்றுவதையும் ரிவர்ஸ் எடுப்பதையும் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். நிறுத்துவதைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. ஆனால் லாரி விபத்துச் செய்திகளை எடுத்துப் பார்த்தால் மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும்: இறக்கத்தில் நிற்காமல் போன வண்டி, ஓட்டுநர் கண் அயர்ந்ததால் நிறுத்தப்படாத வண்டி, நிற்கக் கூடாத இடத்தில் இருட்டில் நின்ற வண்டி. எந்த நேரத்தில், எந்த இடத்தில், எப்படி நிறுத்துவது என்று தெரிந்தால் இந்த மூன்றிலிருந்தும் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

நாமக்கல், சங்ககிரி, சேலம் பக்கமிருந்து லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூரு, ஹைதராபாத், மும்பை என்று போய்வரும் ஓட்டுநர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரு டிரிப் எப்படிப் போகுமோ அந்த வரிசையிலேயே போகலாம்.

சாவி போடுவதற்கு முன்

ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். கேபினின் இடது கதவில் ஆரம்பித்து வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஆயில், தண்ணீர், விளக்கு, வைப்பர், கண்ணாடி இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. பிரேக்கை இயக்கும் காற்றும் டயரும்தான் அவசரத்தில் விட்டுப்போகும்.

முதலில் காற்று. எஞ்சினை ஓடவிட்டு, காற்றழுத்தம் காட்டும் முள் மேலே போய் நிற்கும்வரை காற்று ஏற்றுங்கள். பிறகு சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். பெடலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். பாட்டுப் பெட்டியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முள் முதலில் கொஞ்சம் இறங்கி அங்கேயே நின்றுவிட வேண்டும். நிற்காமல் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது, அந்த வண்டியை வெளியே எடுக்கக் கூடாது. நின்றுவிட்டது என்றால் பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்துக் காற்றைக் குறையுங்கள். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வந்ததும் சிவப்பு விளக்கு எரிந்து பஸ்ஸர் கத்த வேண்டும். தொந்தரவாக இருக்கிறது என்று பஸ்ஸர் வயரைக் கழற்றிவிட்ட வண்டிகளும் ரோட்டில் ஓடுகின்றன. அப்படிப்பட்ட வண்டி உங்கள் கைக்கு வந்தால் வயரை மாட்டிய பிறகே எடுங்கள். ஏர் டேங்கின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவதும் தினசரி வேலைதான். தண்ணீரோடு எண்ணெய் அதிகமாக வந்தால், டேங்கில் காற்றை நிரப்பும் கம்ப்ரஸரை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

அடுத்தது டயர். டயரில் பூ, அதாவது மேல்பரப்பு வரிகளின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேயக் கூடாது என்பது சட்டம். முன் டயரை அந்தக் கடைசி எல்லை வரை ஓட்டாதீர்கள், தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரேட் டயரையும் முன்னால் போடாதீர்கள். பின்னால் ஒரு டயர் வெடித்தால் ஜோடி டயர் வண்டியைத் தாங்கும். முன்னால் வெடித்தால் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்காது. பின் ஜோடிகளை இரும்புக் கம்பியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். நல்ல டயர் கம்பியைத் துள்ளவிட்டுக் கணீரென்று பதில் சொல்லும், காற்று இறங்கியது மொத்தென்று வாங்கிக்கொள்ளும். ஜோடியில் உள்பக்க டயர் இறங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. வெளி டயர் இரண்டு பேர் சுமையைச் சுமந்து சூடேறி, கடைசியில் அதுவும் போகும். இரண்டுக்கும் நடுவில் கல் சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள், வேகத்தில் அது பின்னால் வருபவரின் கண்ணாடிக்குப் பறக்கும்.

டயரைப் பிடித்துக்கொள்ளத் தனி இரும்பு ரிங் வைத்த டிஸ்க் (சக்கரத்தின் இரும்புப் பகுதி) என்றால் கூடுதல் கவனம். காற்று ஏற்றும்போது ரிங்குக்கு நேரே முகத்தையோ உடம்பையோ காட்டாதீர்கள், பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். சரியாக உட்காராத ரிங் தெறித்தால் உயிர் போகும். சக்கரம் மாற்றிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி நட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.

பின்னால் ஒளிரும் சிவப்புப் பட்டை, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை. மூன்றையும் ஈரத் துணியால் துடையுங்கள். சேறு மூடிய பட்டை இருந்தும் இல்லாததுதான். பின் பம்பருக்குக் கீழே இருக்கும் தடுப்புச் சட்டம் வளைந்தோ கழன்றோ கிடந்தால் ஓனரிடம் சொல்லிச் சரிசெய்யுங்கள். பின்னால் மோதும் கார் அடியில் புகுந்துவிடாமல் காப்பது அதுதான்.

லோடு ஏறும்போது

ஓவர்லோடு பற்றி எல்லோருக்கும் தெரியும். பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடை 28.5 டன் வரை போகலாம் என்று 2018-ல் விதி தளர்ந்தது. அதற்கு முன் 25 டன். ஆனால் எடை கூடியபோது பழைய வண்டியின் பிரேக் கூடவில்லை. உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே உங்கள் வண்டியின் கணக்கு. மிஞ்சினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. லோடு ஆபீசில் மறுத்துப் பேச இந்த எண்கள் உதவும் என்பதற்காகவே சொல்கிறேன்.

கனமான சரக்கு அடியில், வண்டியின் நடுக்கோட்டில் இருக்கட்டும். உயரம் கூடக்கூட வளைவில் வண்டி சாயும். பாடிக்கு வெளியே கம்பி நீட்டிக்கொண்டு போகவே கூடாது. சிவப்புத் துணி கட்டினால் சரியாகிவிடும் என்ற எண்ணம் ராத்திரியில் செல்லாது. டேங்கர் ஓட்டுபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: முழு டேங்கரைவிடப் பாதி நிரம்பிய டேங்கர் ஆபத்து, உள்ளே திரவம் அலைந்து, நீங்கள் பிரேக் பிடித்த பிறகு வண்டியை முன்னே தள்ளும். கயிறும் தார்ப்பாயும் கட்டி முடித்ததும் வேலை முடியவில்லை. முதல் 50 கிலோமீட்டரில் சரக்கு அமுங்கிக் கயிறு தளரும், அங்கே ஒருமுறை நிறுத்தி இறுக்குங்கள்.

வைக்கோல், பஞ்சு மாதிரி உயர லோடு என்றால் தாழ்ந்து தொங்கும் மின்கம்பி பெரிய எதிரி. கம்பி வண்டியில் பட்டுவிட்டால் கேபினிலேயே இருங்கள், யாரையும் வண்டியைத் தொடவிடாதீர்கள். தீப்பிடித்து இறங்கியே ஆகவேண்டும் என்றால் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துக் குதியுங்கள். பிறகு காலை அகட்டாமல் தத்தித் தத்தி விலகுங்கள்.

தூக்கத்துக்கு நேரம் போடுங்கள்

வண்டி எடுக்கும்போதே எங்கே தூங்குவது என்று முடிவு செய்துவிடுங்கள். டீசல் எங்கே போடுவது என்று திட்டமிடுகிறோம், தூக்கத்துக்கு மட்டும் "வந்தால் பார்த்துக்கலாம்" என்கிறோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குச் சுமார் 17 மீட்டர் போகிறது. மூன்று நொடி கண் மூடினால் 50 மீட்டர், ஸ்டியரிங்கில் ஆள் இல்லாமல்.

உடம்புக்கு ஒரு கடிகாரம் உண்டு. விடியற்காலை 2 மணியிலிருந்து 5 மணி வரையும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 2 முதல் 4 வரையும் அது தூங்கச் சொல்லும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இது மாறாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் சுதாரிப்பு, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் சட்டம் அனுமதிப்பது 30 மில்லிகிராம்தான். ஒரு சொட்டுக் குடிக்காமலேயே எல்லையைத் தாண்டிவிடுகிறோம்.

கடைசியாகத் தாண்டிய ஊர் எது என்று யோசித்தும் நினைவு வரவில்லையா? முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு திடீரென்று பக்கத்தில் தெரிகிறதா? வண்டி அடிக்கடி வெள்ளைக் கோட்டைத் தொடுகிறதா? நீங்கள் ஏற்கெனவே விட்டு விட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள். ஜன்னலைத் திறப்பது, பாட்டைக் கூட்டுவது, முகம் கழுவுவது, புகையிலை போடுவது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான். டீயோ காபியோ நிஜமாகவே உதவும், ஆனால் வேலை செய்ய 20, 30 நிமிடம் ஆகும். அதனால் டீயைக் குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் சாய்ந்துகொள்ளுங்கள். எழுந்ததும் மந்தமாக இருக்கும். கீழே இறங்கி டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கால் மணி கழித்து எடுங்கள். இது அடுத்த நல்ல இடம் வரை உங்களைக் கொண்டுசேர்க்கும். ராத்திரித் தூக்கத்துக்கு ஈடு ஆகாது.

சளி, இருமல், அரிப்புக்குத் தரும் மாத்திரைகளில் பல தூக்கம் தரக்கூடியவை. மருந்துக்கடையில் "வண்டி ஓட்டுகிறேன்" என்று சொல்லி வாங்குங்கள். தூக்கத்தை விரட்ட என்று தாபாவில் யாராவது மாத்திரை நீட்டினால் கைநீட்டி வாங்காதீர்கள். அது தூக்கத்தைத் தள்ளிவைக்கும், பிறகு மொத்தமாக விழும். நன்றாகத் தூங்கியும் பகலில் கண் சொக்குகிறது, வீட்டில் பயங்கரமாகக் குறட்டை விடுவதாகச் சொல்கிறார்கள் என்றால், தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள், சிகிச்சை இருக்கிறது.

தூங்க நிறுத்தும் இடம் வெளிச்சமான பங்க், தாபா வளாகம், நெடுஞ்சாலையில் லாரிகளுக்கென்று விட்ட இடம். ரோட்டோரம் அல்ல. மூடிய கேபினுக்குள் அடுப்பு பற்றவைத்துச் சமைத்துவிட்டு அப்படியே படுக்காதீர்கள், வாசனையே இல்லாத புகைவாயு ஆளை எழுப்பாமலே கொல்லும். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்பது நல்ல மாற்றம். சூட்டில் வெந்து வரும் சோர்வு கொஞ்சமல்ல.

இப்போது கிளீனர் இல்லாமல் ஒற்றை ஆளாக ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. மாற்றிக்கொள்ள ஆள் இல்லாதபோது, நிறுத்துவதைப் பற்றி ஓனரிடம் முன்கூட்டியே பேசியாக வேண்டும். 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்றது. "முடியவில்லை" என்று சொல்வதைவிடக் கணக்காகச் சொல்லுங்கள். "அண்ணா, கிருஷ்ணகிரி தாண்டி பங்க்குல நிக்கிறேன், நாலு மணி நேரம் தூங்கிட்டு எடுக்கறேன், பத்து மணிக்கு வண்டி கம்பெனி கேட்டுல நிக்கும்." வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புங்கள். பதிவு இருந்தால் பிற்பாடு பேச்சு மாறாது. ஓனர்களுக்கும் ஒரு வார்த்தை: நடு ராத்திரியில் "எங்க இருக்க?" என்று பத்துமுறை போன் போடாதீர்கள், ஜிபிஎஸ் பாருங்கள்.

நாலு வழிச் சாலையில்

லாரிக்கு நாலு வழிச் சாலையில் அதிகபட்சம் 80, மற்ற சாலைகளில் 60. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள். நீங்கள் அதே கம்பத்துக்கு வர நான்கு நொடியாவது ஆகவேண்டும், மழையில் எட்டு. அந்த இடைவெளியில் கார்க்காரர் நுழைவார், நுழையட்டும். காலைத் தளர்த்தி மறுபடி இடைவெளி விடுங்கள்.

இடது ஓரத்தில் டூவீலரும் நிறுத்திய வண்டியும் இருப்பதால் பல லாரிகள் வலது தடத்திலேயே போகின்றன. காரணம் புரிகிறது. ஆனால் இடதுபக்கமாகக் கார்கள் முந்தும்போது அவை உங்கள் கண்ணாடிக்குத் தெரியாத பகுதியில்தான் போகின்றன. இடது தடத்தில் 60-ல் நிதானமாகப் போவதே மேல். பின்னால் வருபவர் முந்தலாம் என்று சொல்ல இண்டிகேட்டர் போடும் பழக்கத்தையும், சந்திப்பில் நேராகப் போக நாலு இண்டிகேட்டரையும் எரியவிடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்ல நினைப்பது ஒன்று, அவர் புரிந்துகொள்வது வேறு. சீட் பெல்ட் கிளீனருக்கும் சேர்த்துத்தான். லாரி கவிழும்போது வெளியே தூக்கி எறியப்படுபவர் தன் வண்டிக்கு அடியிலேயே சிக்கலாம்.

மழை வந்தால், முதல் சில நிமிடங்கள்தான் மோசம், ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் வழவழப்பாகும். எம்ப்டி வண்டி என்றால் பின் சக்கரம் இன்னும் எளிதாக வழுக்கும்.

இறக்கம்

தர்மபுரியிலிருந்து சேலம் வரும் தேசிய நெடுஞ்சாலை 44-ல் தொப்பூர் கணவாய் இருக்கிறது. பெங்களூரு பக்கமிருந்து வருபவர்களுக்கு அது இறக்கம். கட்டமேடு, இரட்டைப் பாலம் என்ற பெயர்களைக் கேட்டாலே ஓட்டுநர்களுக்குத் தெரியும். 2020 டிசம்பரில் அங்கே கட்டுப்பாடு இழந்த ஒரு லாரி நெரிசலில் நின்ற வண்டிகள் மீது மோதியதில் 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் பாலத்தின் மேல் நடந்த விபத்திலும் 4 உயிர் போனது.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. அது தவறு. கியரில் இருந்துகொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய எஞ்சின்கள் டீசலையே வெட்டிவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் எஞ்சின் தானாக ஓடவேண்டும், அதற்கு டீசல் வேண்டும். ஆக, நியூட்ரலில்தான் செலவு. எஞ்சினையே அணைப்பவர்கள் கம்ப்ரஸரையும் பவர் ஸ்டியரிங்கையும் சேர்த்து அணைக்கிறார்கள். மிதிக்க மிதிக்கக் காற்று தீரும், நிரப்ப ஆள் இல்லை.

செய்யவேண்டியது இது. இறக்கம் தொடங்கும் முன்பே, சமதளத்திலேயே நிறுத்துங்கள். பிரேக்கை, காற்று முள்ளைப் பாருங்கள். அந்த மேட்டை ஏற எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில், அல்லது அதற்கும் ஒன்று கீழே, இறங்கத் தொடங்குங்கள். எஞ்சின் புகை வெளியேறுவதை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுவையுங்கள். பாதி இறக்கத்தில் கியரைக் குறைக்கலாம் என்று நினைக்காதீர்கள். வேகம் ஏறிய பிறகு கியர் விழாமல் போய், வண்டி நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும்.

பெடலில் காலை வைத்தபடியே தேய்த்துக்கொண்டு இறங்கினால் சக்கரத்தில் உள்ள பிரேக் டிரம் சூடேறி விரியும், அதை உரசி நிறுத்தும் லைனர் பிடியை இழக்கும், எவ்வளவு மிதித்தாலும் பெடல் மட்டும் கீழே போகும். ஊதுபத்தி மாதிரி லேசாகப் புகையும் கருகல் வாசனையும் வந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. 30-ல் இறங்க முடிவு செய்தால், முள் 30-ஐத் தொட்டதும் அழுத்தமாகப் பிடித்து 22-க்குக் கொண்டுவாருங்கள், காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். மறுபடி 30 ஆனதும் அதே மாதிரி. நடுவில் கிடைக்கும் நேரத்தில் டிரம் ஆறும், டேங்கில் காற்று நிரம்பும். புகை வந்துவிட்டால் அகலமான இடத்தில் நிறுத்தி, கட்டை போட்டு, ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

இத்தனைக்கும் பிறகு பிரேக் பிடிக்கவில்லை என்றால்: எஞ்சினை அணைக்காதீர்கள், கியரிலிருந்து வெளியே வராதீர்கள். எக்ஸாஸ்ட் பிரேக்கை விடாமல், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஹார்ன், முகப்பு விளக்கு, நாலு இண்டிகேட்டர் மூன்றும் தொடர்ந்து இருக்கட்டும். மலைப்பக்கத்து மண்மேடு, மணல், ஏறுமுகமான பக்கவழி எது முதலில் கிடைக்கிறதோ அதில் வண்டியைத் தேய்த்து நிறுத்துங்கள். வண்டியின் பாடியைப் பற்றி அந்த நேரத்தில் யோசிக்கவே வேண்டாம்.

நடுரோட்டில் நின்றுவிட்டால்

டயரோ எஞ்சினோ போனால், உருளும் வரை உருட்டித் தடத்தை விட்டு வெளியே கொண்டுபோங்கள். டிஸ்க் நசுங்கினாலும் பரவாயில்லை. நாலு இண்டிகேட்டர் போட்டு, ஒளிரும் சட்டை அணிந்து, போக்குவரத்தைப் பார்த்தபடி கீழே இறங்குங்கள். எச்சரிக்கை முக்கோணத்தை நாலு வழிச் சாலையில் குறைந்தது 100 மீட்டர் பின்னால் வையுங்கள், சுமாராக 130 காலடி. 80-ல் வரும் வண்டிக்கு 100 மீட்டர் என்பது நாலரை நொடிதான். வளைவுக்கும் மேட்டுக்கும் பின்னால் நின்றிருந்தால் வளைவுக்கு முன்பே தெரிகிற மாதிரி இன்னும் தள்ளி.

முக்கோணத்துக்குப் பதிலாகக் கல்லும் மரக்கிளையும் வைப்பது நம் வழக்கம். ராத்திரியில் கல் யாருக்கும் தெரியாது. வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது கல்லை அங்கேயே விட்டுப்போவதைப் போன்ற கொடுமை வேறில்லை, அடுத்து வரும் பைக்காரர் அதில் ஏறி விழுவார். பிறகு 1033-க்கு அழையுங்கள், தேசிய நெடுஞ்சாலை உதவி எண் அது. ரோந்து வண்டியும் கிரேனும் வரும். காத்திருக்கும்போது கேபினிலோ வண்டிக்கு அடியிலோ இருக்காதீர்கள், தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள்.

ஊருக்குள்ளும் குடோனிலும்

தட்டையான முகப்பு வண்டியில், முன்கண்ணாடிக்கு அடியில் நிற்கும் குழந்தையும் ஸ்கூட்டியும் தெரியாது. சிக்னலில் நின்று எடுக்கும்போது எழும்பிப் பாருங்கள். இடதுபக்கம் திரும்பும்போது அந்தப் பக்கத்தில் டூவீலர் நுழைந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது வழிகாட்டும் ஆள் உங்கள் கண்ணாடியில் தெரிய வேண்டும். தெரியாமல் போனால் அந்த நொடியே நிறுத்துங்கள், "வா வா" குரல் மட்டும் போதாது.

விபத்து நடந்துவிட்டால்

எஞ்சினை அணையுங்கள், பின்னால் எச்சரிக்கை வையுங்கள், 108-க்குப் போன் போடுங்கள். அடிபட்டவரை மருத்துவமனைக்கு அனுப்புவது ஓட்டுநரின் கடமை என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு. கூட்டம் ஆவேசமாகித் தாக்க வந்தால் விலகலாம் என்பதையும் அதே பிரிவு ஏற்கிறது. அப்படி விலகினாலும் 108-க்குச் சொல்லிவிட்டு நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போங்கள். எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். ஓடி ஒளிவதுதான் வழக்கைப் பெரிதாக்கும்.

தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு செலவில் கிடைக்கும். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கிடைக்கும். 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உங்களுக்கோ கிளீனருக்கோ அடிபட்டாலும் இதே உரிமை உண்டு. பணம் கட்டச் சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

வண்டி நின்ற நிலை, டயர் தடம், சாலைப் பலகை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து ஓனருக்கு அனுப்பிவையுங்கள். காயம் இல்லாவிட்டாலும் அன்றைக்கு நீங்கள் வண்டி எடுக்காதீர்கள். கை நடுக்கம் அடங்கினாலும் மனம் அந்த இடத்திலேயே நிற்கும். மாற்று ஓட்டுநரை அனுப்பச் சொல்லிவிட்டு பஸ்ஸில் ஊருக்கு வாருங்கள்.